ஆறடி நூலை அடக்கப் போன கதை

குடியாத்தம்,
12.8.1985

பேரன்பு கொண்ட நண்பர் முக்தார் அகமது அவர்களுக்கு வேதாசலம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் தனபாக்கியமும் சுகம். சேலத்தில் தங்கள் மூட்டுவலியும் தங்கச்சி ஜஹீருன்னிசாவின் இருமலும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நிற்க. நாம் வேலை பார்த்த பள்ளியில் அறிவியல் கண்காட்சியாம். ரிட்டயரான விலங்கியல் வாத்தியார் என்று என்னைக் கூப்பிட்டு, பழைய டிஎன்ஏ மாடலையே செய்யச் சொன்னார் தலைமையாசிரியை. கண்ணுக்கே தெரியாத செல்லுக்குள் ஆறடி டிஎன்ஏ எப்படிச் சிக்காமல் கிடக்கிறது என்று காட்ட வேண்டும். டிஎன்ஏ சுற்றிக்கொள்ளும், எட்டுப் புரதங்கள் சேர்ந்த உருண்டைக்குப் பதில் மரமணி. டிஎன்ஏவுக்குப் பதில் லுங்கி நெய்யும் நூலை ஒவ்வொரு மணியிலும் ஏறக்குறைய இரண்டு சுற்று சுற்றினேன். அதுவரை சரி. இப்போது வந்த புத்தகத்தில், அந்த மணிச்சரத்தையும் வேறு புரதங்கள் வளையம் வளையமாக மடித்து நடுவில் பிடித்துக்கொள்கின்றன என்று போட்டிருக்கிறான். மடிக்க ரெண்டு கை, பிடிக்க ரெண்டு கை வேணும்பா, எனக்கு இருக்கிறதே ரெண்டு, கால் கட்டைவிரலால பிடிச்சேன், சுருக்கு விழுந்துடுச்சு, அவுக்க எழுந்தா நூல் மொத்தமும் டேபிள் ஃபேன்ல சுத்திக்கிச்சு, தனபாக்கியம் ஓடியாந்து சுவிட்சை அணைச்சு, "இன்னாங்க இது? முக்தார் அண்ணன் இருந்தவரைக்கும் இந்தப் பேஜாரே இல்லை"ன்னா.

நெசந்தான். எழுபத்தெட்டுல வேலூர் கண்காட்சிக்கு மாடலைத் தூக்கிக்கினு லாங் பஜார் வழியா போனோமே, ஞாபகம் இருக்கா? கைவண்டியில நூல்முனை மாட்டி, வண்டிக்காரன் அது தெரியாம இழுத்துக்கினு போக, நாம பின்னாடியே ஓட, மணியெல்லாம் புளிமூட்டைங்க நடுவுல தெறிச்சு, ஒரு சைக்கிள்காரன், "வாத்தியாரே, காத்தாடி விடற வயசா இது?"ன்னான். எனக்கு அழுகையே வந்துடுச்சு. நீ ஓவிய வாத்தியார், அசரவேயில்லை. நடுத்தெருவுல குந்தி, ஒரு முனையை என் கையில குடுத்து, "பாத்துக்கோங்க, இது ஒடம்புக்குள்ள இருக்கிற நூல், தாறுமாறா சிக்கினா செல்லு பூடும்"னு கூட்டத்துக்கே பாடம் நடத்தினே. கண்காட்சிக்கு லேட்டாப் போய்ப் பரிசும் கிடைக்கலை. திரும்பற பஸ்ல வயிறு வலிக்கச் சிரிச்சோம். அப்புறம் அந்த மாதிரி நான் சிரிக்கவேயில்லை முக்தார்.

ஆகையால், என்னால் ஆகாது என்று பள்ளிக்குச் சொல்லியனுப்பிவிட்டேன். தாங்கள் இதற்காக அலைய வேண்டாம். மகன் வீட்டில் நிம்மதியாக இருக்கவும். பேரப்பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி.

தங்கள்,
வேதாசலம்

பி.கு.: தபாலில் சேர்க்க வந்தால் தபாலாபீஸ் சுவரிலேயே கண்காட்சி நோட்டீஸ்: 'விளக்குபவர்: முக்தார் அகமது. நூல் பிடிப்பவர்: வேதாசலம்.' எல்லாம் தனபாக்கியம் வேலை, ரெண்டு பேரும் வருவாங்கன்னு எனக்கு முன்னாடியே பள்ளிக்குச் சொல்லியனுப்பியிருக்கா. மேலே எழுதினதை விட்டுடு. சனிக்கிழமை கண்காட்சி. வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சதும் ரயிலேறு. ஸ்டேஷனுக்கு வர்றேன்.