சந்தனம் வைத்த மெமரி கார்டு

தியாகதுருகம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் அறிவுச்செல்வனுக்கு, அப்பா வீரமுத்து ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கு நலம். உன் தங்கை சந்தியாவின் பிரசவத்துக்கென்று சென்னை போன உன் அம்மா இன்னும் திரும்பவில்லை. ஆகவே நலம் என்பது என் ஒருவனைப் பற்றியது. பெங்களூரில் நீயும் நலமாக இருப்பாய். போன் செய்தால் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாதல்லவா, அதனால்தான் இது.

விஷயம் என்னவென்றால், கிணற்று மோட்டாரைத் தானாகப் போட நீ மாட்டிக் கொடுத்த லினக்ஸ் கம்ப்யூட்டர் பெட்டி ஆயுத பூஜையிலிருந்து பேசவில்லை. தினமும் விடிந்ததும் "அப்பா, மோட்டார் போட்டாச்சு" என்று உன் குரலில் சொல்லும், நானும் "சரிப்பா" என்பேன். இப்போது சிவப்பு விளக்கு மட்டும் சிமிட்டுகிறது. கரும்பு காய்கிறது. உன்னைக் கேட்டால், "டிவியில மாட்டிப் பாருப்பா, இன்னா வருதுன்னு" என்றாய், அதற்குள் மீட்டிங். டிவியை மோட்டார் கொட்டகைக்குத் தூக்கிப்போய் மாட்டினேன். கறுப்புத் திரையில் இங்கிலீஷ் எழுத்து ஓடிக்கினே இருக்குது, ரீட் எரர், ரீட் எரர்னு. கார்டைப் படிக்க முடியலையாம். பக்கத்துக் காட்டுப் பச்சையம்மாள் எட்டிப் பார்த்து, "இன்னா மாமா, புள்ள இம்மாம் பெரிய லெட்டர் போட்டுக்கிறான்?" என்கிறாள். நான் என்னத்தைச் சொல்ல?

நான் ஒரு தப்பும் செய்யவில்லை. பூஜையன்று டிராக்டர், மண்வெட்டி, மருந்தடிக்கிற மெஷின் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தவன் உன் பெட்டியை மட்டும் விடுவேனா? மூளையே அந்தக் குட்டி மெமரி கார்டில்தான் இருக்கிறது என்று நீதானே சொன்னாய். அதைக் கழற்றித் துடைத்து, அந்தத் தங்கக் கோடுகளின் மேல் சந்தனமும் குங்குமமும் வைத்துத் திரும்ப மாட்டினேன். மரியாதையில் ஒரு குறையும் கிடையாது. அதற்குப் பிறகும் படிக்க மாட்டேன் என்றால் யார் தப்பு? நீ நேரில் வந்தால்தான் ஆகும்டா. வூடு வெறிச்சுனு கெடக்குது.

வேளைக்குச் சாப்பிட்டு, மீட்டிங் கம்மியாகி நன்றாக இருக்க வாழ்த்தும் அப்பா,
வீரமுத்து.

பின்குறிப்பு: இதை ஒட்டுவதற்குள் கள்ளக்குறிச்சிக்கு ஒரு வேலையாகப் போனேன். செல்போன் கடை ஆஷிக்கிடம் கார்டைக் காட்டினேன். "இன்னா பெரியவரே, கார்டுக்குக் கல்யாணமா?" என்று ரப்பரால் தேய்த்துக் கொடுத்தான். வந்து போட்டேன், ஓடுகிறது. "அப்பா, மோட்டார் போட்டாச்சு" என்றது. "சரிப்பா, நீ சாப்ட்டியா?" என்று கேட்டேன். பதில் இல்லை. கார்டைக் கழற்றி வைத்துவிட்டேன். மோட்டாரை நானே கையால் போட்டுக்கொள்கிறேன், கரும்புக்கு ஒன்றும் ஆகாது. நீ வா.