பெரிய குப்பு, சின்ன குப்பு

பெயரைப் பற்றிப் பெருந்தன்மையாகப் பேசுகிறவர்கள் எல்லோரும் நல்ல பெயர் வாய்த்தவர்கள். (சுரேஷ் பேசுவான், ரமேஷ் பேசுவான். குப்புசாமி பேசமாட்டான்.)

நான்தான் குப்புசாமி. கல்லூரியில் சேர்ந்த அன்றே முன்பாதியை இனிஷியலுக்குள் ஒளித்து 'கே. சாமி' ஆனேன். பட்டுக்கடையில் மேனேஜர் ஆனதும் 'சாமி சார்'. அந்த மரியாதையை ஒரே மத்தியானத்தில் தொலைத்தேன். இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அக்கா மகள் ரேவதி டாக்டருக்குப் படிக்க கிர்கிஸ்தான் போனாள். திரும்பும்போது பட்டத்தோடு ஒரு பையனையும் கூட்டிக்கொண்டு பெரிய காஞ்சிபுரத்தில் வந்து இறங்கினாள். கட்டினால் இவரைத்தான் கட்டுவேன் என்றாள். பையன் பெயர் டோக்டோசுன். அத்தான் காலமாகிவிட்டதால், தாய்மாமன் சரி என்றால்தான் கல்யாணம் என்று அக்கா சொல்லிவிட்டாள். எனக்குச் சரி என்று சொல்ல இஷ்டமே இல்லை. தறிக்காரக் குடும்பம், சொந்தத்திலேயே மாப்பிள்ளைகள் காத்திருக்க, இதென்ன அநியாயம்?

அவனிடம் குறை தேடினேன். அக்கா காலைத் தொட்டுக் கும்பிட்டான். கோயில் இட்லியைக் கேட்டு வாங்கித் தின்றான். (யார் சொல்லிக்கொடுத்தது என்று எனக்குத் தெரியாதா?) வேறு வழியில்லாமல் பெயரைப் பிடித்தேன். கொல்லைப்புறம் போய் போனில் தேடினால், துருக்கிய மொழிகளில் வழங்கும் ஆண்பிள்ளைப் பெயர், பொருள் 'நிற்கட்டும்' என்று போட்டிருந்தது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

சொந்தபந்தம் நிறைந்த கூடத்தில் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

"நிக்கட்டுமாம். இன்னாமா பேரு இது, பஸ்ஸுக்கு வெச்சாங்களா? பத்திரிகைல எப்பிடிப் போடுறது? பேருன்னா ஒரு லட்சணம் வேணாம்?"

எல்லோரும் சிரித்தார்கள், ரேவதியைத் தவிர. அவனிடம் ஆங்கிலத்தில் கேட்டு, அவன் மெதுவாகச் சொன்னதை என்னிடம் சொன்னாள்.

"அவருக்கு முன்னாடி பொறந்த கொழந்தைங்க தங்கல மாமா. இதாவது நிக்கட்டும்னு அவங்கம்மா வேண்டிக்கினு வெச்ச பேரு."

சமையலறையிலிருந்து அக்கா கரண்டியோடு வெளியே வந்தாள்.

"டேய் குப்புசாமி. எனக்கப்புறம் பொறந்தது ஒண்ணும் தங்கலன்னுதானே உன்ன குப்பமேட்டுல போட்டுப் பொரட்டி, தவிட்டுக்கு வாங்கி இந்தப் பேர வெச்சாங்க? உனக்கொரு நாயம், அந்தப் புள்ளைக்கு ஒரு நாயமா?"

எமனே அருவருத்துத் தொடாமல் போகட்டும் என்று எங்கள் பக்கம் வைக்கிற பெயர் அது. இத்தனை வருஷம் மூடி வைத்திருந்ததை ஒரு கரண்டியால் கிளறிவிட்டாள். போதாததற்கு ரேவதி அதை அப்படியே மொழிபெயர்த்தாள். அவன் எழுந்து வந்து என்னை இறுகக் கட்டிக்கொண்டு, "குப்பு மாமா" என்றான். என் கண்ணிலும் தண்ணீர். அடுப்புப் புகை என்றேன். (கேஸ் அடுப்பில் ஏது புகை?) அந்தப் பிடியில் சரி என்று சொல்வதைத் தவிர வேறென்ன செய்வது?

அதோடு விட்டானா? கல்யாணப் பட்டு எடுக்க வந்தவன் கடைவாசலிலேயே நின்று "குப்பு மாமா" என்று கத்தினான். அன்றிலிருந்து சேல்ஸ் பையன்களுக்கு நான் குப்பு சார். முதலாளிக்கும்.

போன வருஷம் அவர்களுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. குப்புசாமி என்று பெயர் வைக்கப்போவதாகச் சொன்னார்கள். நான் குதித்தேன். தலைச்சன் பிள்ளை, கொழுகொழுவென்று இருக்கிறது, முன்னால் எதுவும் தவறவில்லை, அதற்கு எதற்கு எமனை ஏமாற்றுகிற பெயர் என்று கேட்டேன்.

"நின்னவங்க பேரு மாமா," என்றான் டோக்டோசுன், தமிழில்.

பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டேன்.

எங்கள் ஊரில் பெரிய காஞ்சிபுரம், சின்ன காஞ்சிபுரம். எங்கள் வீட்டில் பெரிய குப்பு, சின்ன குப்பு. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஆனால் யாராவது "குப்பு" என்று கூப்பிட்டால், தவழ்ந்துகொண்டிருக்கிற அந்தப் பயல் எனக்கு முன்னால் திரும்பிப் பார்க்கிறான். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அது என் பெயர்.