தற்காலிக முகம்

ஒருவருக்கு ஒரு முகம்தான், அதுவும் கடைசிவரை அப்படியேதான் இருக்கும் என்ற உயரிய நம்பிக்கையின் மேல்தான் உலகத்து அலுவலகங்கள் எல்லாம் நிற்கின்றன. தையல்காரம்மாவும் நாற்பத்தேழு வயதுவரை அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு மூட்டுகளை முடக்கிப்போடும் வியாதி. வந்தால் போகிற ஜாதி இல்லை. கூடவே குடித்தனம் நடத்துகிற ஜாதி. காலையில் விரல் மடங்காது. கத்தரிக்கோலைப் பிடிக்கவே பத்து மணி ஆகிவிடும். புதிதாக வந்த டாக்டர் ஒரு வெள்ளை மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்றே வாரத்தில் விரல்கள் மெஷினில் பறந்தன.

வேறு சிலதும் வந்து சேர்ந்தன. முதலில் பசி. வீட்டுக்காரர் கை கழுவிவிட்டு வருவதற்குள் அவர் தட்டு காலியாகிவிடும். அடுத்தது கோபம். சொட்டுகிற குழாயை அரைமணி நேரம் நிற்க வைத்துத் திட்டினாள். பிறகு மேலுதட்டில் பூனைமுடி. கடைசியாக முகமே மாறிப்போனது. கன்னம் இரண்டும் ஊதி, தாடை எங்கே என்று தேடவேண்டியதாகி, முழு வட்டமாகிவிட்டது.

"பக்கவிளைவு," என்றார் டாக்டர், வீட்டுக்கு வந்த உறவினரை அறிமுகம் செய்கிற மாதிரி. "மருந்தைக் குறைக்கக் குறைக்கப் போயிடும். ஆனா நீங்களா ஒருநாளும் நிறுத்தாதீங்க. திடீர்னு நிறுத்தினா ஆளையே சாய்ச்சிடும்."

அந்த மாதம் பார்த்து மருத்துவமனை மருந்துப் பிரிவுக்கு முகம் பார்க்கும் கருவி வந்திறங்கியது. மற்ற அலுவலகங்களில் எல்லாம் வைத்துவிட்டார்கள், நாம் வைக்காவிட்டால் மானம் போய்விடும் என்று வாங்கியது. நோயாளி அட்டையில் இருக்கிற படத்தையும் எதிரே நிற்கிற முகத்தையும் ஒப்பிட்டு, பச்சை விளக்கோ சிவப்பு விளக்கோ போடும்.

தையல்காரம்மாவிடம் இரண்டு நாளைக்குத்தான் மாத்திரை மிச்சம். போய் நின்றாள். சிவப்பு.

"இது நீங்க இல்லம்மா," என்றார் மருந்து கொடுப்பவர்.

"அப்போ யாரு சார்?"

"அதெல்லாம் கருவி சொல்லாது. நீங்க இல்லைங்கறதை மட்டும் உறுதியா சொல்லும்."

"சார், இந்த மாத்திரையைச் சாப்பிட்டுத்தான் முகம் இப்படி ஆச்சு."

"அப்போ சாப்பிடாம இருங்க. முகம் பழையபடி ஆனதும் வாங்க, உடனே மாத்திரை தர்றேன்."

குறை சொல்லக்கூடாது, மனிதர் மிகவும் கனிவாகத்தான் சொன்னார்.

மாடியில் முகமாற்றப் பதிவுப் பிரிவு என்று ஒன்று இருந்தது. அங்கே இருந்த கண்காணிப்பாளர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவளை நிதானமாகப் பார்த்தார்.

"இது நிரந்தர முகமா, தற்காலிக முகமா?"

"தற்காலிகம்தான் சார். டாக்டரே எழுதிக் கொடுத்திருக்கார்."

"தற்காலிக முகத்துக்குப் புது அட்டை கொடுக்க விதியில்லை. நிரந்தரம்னு எழுதி வாங்கிட்டு வாங்க."

டாக்டரிடம் ஓடினாள். அவர் பொய் எழுத மாட்டார். "பழைய முகம் திரும்பி வரும்னு சொல்றேன், சந்தோஷப்படாம சண்டைக்கு வர்றீங்களே!"

மறுபடி மாடி.

"சார், நாளன்னிக்கு மாத்திரை இல்லேன்னா நான் விழுந்துடுவேன்."

"விழுந்தா அவசரப் பிரிவு இருக்கு," என்றார் கண்காணிப்பாளர். "அங்கே முகம் கேக்க மாட்டாங்க."

வீட்டுக்கு வந்து கத்தரிக்கோலை மேஜையில் போட்ட சத்தத்திலேயே, முன்கட்டில் புகைப்படக் கடை வைத்திருக்கும் வீட்டுக்காரருக்கு விஷயம் பாதி புரிந்துவிட்டது. மீதியை அவள் கத்திச் சொன்னாள். அவர் அட்டையில் இருந்த படத்தை வாங்கிப் பார்த்தார். அஞ்சு வருஷத்துக்கு முன்னால் அவரே எடுத்தது.

"அதுக்கு உன்னைப் பிடிக்கலை. உன் படத்தைப் பிடிச்சிருக்கு. அவ்வளவுதானே? படம் நான் போட்டுத் தர்றேன்."

படத்தை முகத்தளவுக்குப் பெரிதாக்கினார். கெட்டி அட்டையில் ஒட்டி, ஓரம் வெட்டி, இரண்டு பக்கமும் எலாஸ்டிக் தைத்தாள் அவள். கண்ணுக்கு ஓட்டை போடவில்லை. கருவிக்குக் கண் வேண்டுமாம்.

"எனக்கு வழி எப்படிங்க தெரியும்?"

"தாடைக்குக் கீழே இடைவெளி இருக்கில்ல? காலைப் பார்த்து நட."

காலைப் பார்த்து நடந்தாள். போய் நின்றாள். பச்சை.

"இது அட்டையாச்சேம்மா," என்றார் மருந்து கொடுப்பவர், சற்று யோசித்து.

"பச்சை எரியுதா இல்லையா?"

"எரியுது. கருவி ஏத்துக்கிட்ட முகத்தைக் கேள்வி கேட்க எனக்கு அதிகாரம் இல்லை." மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

பின்னால் பெஞ்சில் இருந்தவர்கள் இதைப் பார்த்துக்கொண்டேதானே இருந்தார்கள்! மருந்தால் முடி கொட்டிய ஓட்டுநர், தோல் கறுத்த டீச்சர், இருபது கிலோ இளைத்த வக்கீல் எல்லாரும் மறுநாள் காலை படக்கடை வாசலில் நின்றார்கள். வீட்டுக்காரர் படம் போட்டார்; தையல்காரம்மா எலாஸ்டிக் தைத்தாள். ஒரு மாதத்தில் மருந்துப் பிரிவின் கூடம் முழுக்க ஆரோக்கியம் பொங்கி வழிந்தது. ஒருவருக்கும் எதிரே இருப்பது தெரியாததால் முன்னால் நிற்பவர் தோளைப் பிடித்துக்கொண்டு ரயில் மாதிரி நகர்ந்தார்கள்.

இந்த நேரத்தில்தான் இயக்குநர் ஆய்வுக்கு வந்தார். வரிசையின் ஒழுங்கைப் பார்த்து நெகிழ்ந்துபோனார்.

"எல்லாரும் எவ்வளவு தெம்பா இருக்காங்க! பக்கவிளைவு யாருக்குமே இல்லையா?"

"கருவியின் கணக்குப்படி ஒருவருக்கும் முகத்தில் மாற்றமே இல்லைங்க ஐயா," என்றார் கண்காணிப்பாளர்.

அடுத்த வாரமே சுற்றறிக்கை வந்தது. "இம்மருத்துவமனை மருந்துகளினால் பக்கவிளைவு ஏதும் இல்லையென்பது ஐயந்திரிபற நிரூபணமாகியுள்ளது. இந்நிலையைத் தொடர்ந்து பேணும்பொருட்டு, இனி முறையான முகப்பிரதி அணிந்து வருவோர்க்கு மட்டுமே மருந்து வழங்கப்படும்."

படித்துவிட்டு எல்லாரும் கைதட்டினார்கள். ஓர் அலுவலகம் தங்களுக்காக ஒரு விதியை மாற்றுவதைப் பார்ப்பது அவர்களுக்கு அதுதான் முதல் தடவை.

தையல்காரம்மா மட்டும் இதைப் படிக்கவில்லை. அவளுக்கு மூன்று மாதத்துக்கான மருந்தைச் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். டாக்டரும் மெல்ல மெல்ல அளவைக் குறைத்துக்கொண்டே வந்தார். பசி குறைந்தது. குழாய் சொட்டினால் சும்மா சொட்டிக்கொண்டிருந்தது. ஒருநாள் காலை கண்ணாடியில் தாடை தெரிந்தது. ஆசையோடு தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பழைய முகமேதான்! சந்தோஷத்தில் அட்டை முகத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, கடைசித் தவணை மாத்திரையை வாங்கக் கிளம்பினாள்.

"முகம் எங்கேம்மா?" என்றார் மருந்து கொடுப்பவர்.

"இதோ சார்! திரும்பி வந்துடுச்சு, பாருங்க. பச்சைகூட எரியுது."

"எரியட்டும். இது வெறும் முகம். சுற்றறிக்கை படிக்கலையா?"

"சார், இந்த முகத்தைப் பார்த்துத்தான் அந்தப் படமே எடுத்தது!"

"படத்துக்கு அத்தாட்சி இருக்கு. இதுக்கு என்ன இருக்கு?"

வரிசையில் முணுமுணுப்பு கிளம்பியது. அவள் கையால் தைத்த முகங்கள்தான் எல்லாம்.

"பத்து நிமிஷமா நகரவே இல்லையே, என்னங்க அங்கே?" என்றது வக்கீல் முகம்.

"யாரோ ஒரு அம்மா, ஒண்ணும் போடாம வந்து நிக்குது," என்றது ஓட்டுநர் முகம், சற்றே மேலே தூக்கிப் பார்த்துவிட்டு.

"சீச்சீ," என்றது டீச்சர் முகம். "நாலு பேர் வர்ற இடத்துக்கு இப்படியா வருவாங்க?"

தையல்காரம்மா வீட்டுக்கு ஓடினாள். வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே இன்னொரு பிரதி போட்டுக் கொடுத்தார். எலாஸ்டிக் தைத்து மாட்டிக்கொண்டு, தன் முகத்தின் மேல் தன் முகத்தோடு திரும்பி வந்து நின்றாள்.

மருந்து கொடுப்பவர் மாத்திரையை எடுத்துவைத்தார்.

"பாருங்க, இப்போ எவ்வளவு லட்சணமா இருக்கீங்க! கொஞ்சம் முன்னாடி ஒரு மூஞ்சியோட வந்தீங்களே, பார்க்கவே சகிக்கலை."

வாசலுக்கு வந்ததும் அவள் முகப்பிரதியைக் கழற்றினாள். ஜன்னல் கண்ணாடியில் தெரிந்த முகத்தைப் பார்த்தாள்; கையிலிருந்ததையும் பார்த்தாள். கையிலிருந்தது அஞ்சு வயது இளையது. கண்ணுக்குக் கீழே கருப்பும் இல்லை.

ஆபீஸ்காரங்க சொல்றதிலேயும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்யுது என்று நினைத்துக்கொண்டு, அதை மறுபடி மாட்டி, எலாஸ்டிக்கைக் காதோரம் சரிசெய்து, காலைப் பார்த்து வீட்டுக்கு நடந்தாள்.