முன்வரிசை முஷ்டி

பள்ளிக்கூடம் தமக்கு இழைத்த அநீதிகளைச் செயலாளர் நடந்த வரிசைப்படியேதான் சொல்வார். வரிசை மாற்றிச் சொல்பவன் பாதி வழக்கைத் தோற்றவன் என்பது அவர் கொள்கை.

முதல் அநீதி, அவர் தம் கைப்பட எழுதிய சுவர் முழக்கத்தின் மேல் வெள்ளையடித்து ஒட்டகச்சிவிங்கி வரைந்தது. இரண்டாவது, ஆண்டு விழாவில் பேசக் கூப்பிட்டுவிட்டு, அவர் "ஆகவே, தோழர்களே" என்று விஷயத்துக்கு வருகிற நேரம் பார்த்து மைக்கை அணைத்தது. ஆகவேக்கு வந்துசேர முக்கால் மணி நேரம் ஆனதைப் பள்ளிக்கூடம் பெரிதுபடுத்தியது. மூன்றாவது, அவர் மனைவியை அலுவலக உதவியாளராக எடுத்துக்கொண்டு, அவருடைய மதியச் சாப்பாட்டை ஆறிய சாப்பாடாக்கியது. நான்காவது, காலம் கடந்து பிறந்த ஒரே மகளின் கையில் ட்ரம்பெட் என்கிற பித்தளைக் குழாயைக் கொடுத்தது. ஐந்தாவது அநீதிக்கு ஜாஸ் என்று பெயர். சாப்பிட்டுவிட்டு அவர் தலையைச் சாய்க்கிற நேரம் பார்த்து தெருவின் எதிர்ச் சாரியிலிருந்த பள்ளிக்கூடத்திலிருந்து அது வரும்.

பஸ் பணிமனைத் தொழிலாளர் சங்கத்துக்கு அவர் செயலாளராக இருந்தவர். சங்கம் மூன்றாக உடைந்து, மூன்றும் கரைந்து, பணிமனையே வேறு ஊருக்குப் போய்விட்டது. பட்டம் மட்டும் தெருவில் தங்கிவிட்டது. கடன் கொடுத்தவர்கள்கூட அவரைச் செயலாளர் என்றுதான் கூப்பிட்டார்கள். வீட்டில் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள். ஆனால் அவள் வாயில் அது பட்டமா குட்டா என்று அவரால் கடைசிவரை முடிவுக்கு வர முடியவில்லை.

இப்போது பள்ளி நிர்வாகமே அவருக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டது. இசை வகுப்பை எடுத்துவிட்டு அந்த நேரத்தைக் கணக்குப் பயிற்சிக்குக் கொடுக்கலாமா என்று பெற்றோரையும் தெருக்காரர்களையும் கூப்பிட்டுக் கேட்கப் போகிறார்கள். கூட்டத்தில் பிள்ளைகள் ஒரு உருப்படி வாசிப்பார்கள். அது முடிந்ததும் கையைத் தூக்கச் சொல்லி எண்ணுவார்கள்.

நிர்வாகத்தோடு ஒத்துப்போவது அவர் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. அந்தக் கூச்சத்தை மறைக்க, இசை வகுப்பை ஒழிப்பதற்குக் கொள்கை விளக்கம் ஒன்று தயாரித்தார். ஜாஸில் எழுதி வைத்தது கொஞ்சம், அந்தந்த நேரத்தில் தோன்றுவதை வாசிப்பதுதான் மீதி என்று இசை வாத்தியார் ஒரு நாள் அவரிடமே சொல்லியிருந்தார். தீர்மானம் எழுதாமல் கூட்டம் நடத்துகிறவர்களை அவர் என்றைக்குமே மதித்ததில்லை.

சாப்பாட்டு நேரத்தில் மனைவி ஒரே ஒரு தடவை வாதாடிப் பார்த்தாள்.

"நம்ம பாப்பா வீட்ல என்ன பேசறா? கேட்டா ஒரு 'ம்', கேக்கலைன்னா அதுவும் இல்ல. ஸ்கூல்ல அந்த மியூசிக் ரூமுக்குள்ள போய்ப் பாருங்க. அரை மணி நேரம் மூச்சு விடாம பேசறா."

"ஊதறான்னு சொல்லு."

"பேசறான்னுதான் சொல்றேன். அதை மூடிட்டா அந்தப் புள்ள மறுபடியும் 'ம்'முக்குப் போயிடும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

மகள் தட்டைப் பார்த்தபடி இருந்தாள். செயலாளருக்கு ஒரு நொடி என்னவோ செய்தது. ஆனால் இயக்கத்தில் உறவு கிடையாது. கணக்கு சோறு போடும், குழாய் சோறு போடுமா என்று கேட்டுவிட்டுக் கை கழுவப் போனார். மனைவி அதற்குப் பிறகு பேசவில்லை. அவள் வாயடைத்துப்போனாள் என்று நினைத்தார். இருபத்தேழு வருஷம் குடும்பம் நடத்தியவர் அப்படி நினைத்திருக்கக் கூடாது.

மறுநாளிலிருந்து அவள் அவருக்கு ஒத்தாசையே செய்தாள். சட்டையைக் கஞ்சி போட்டுத் தேய்த்தாள். கூட்டத்தில் என்ன திட்டம் என்று காபியோடு வந்து விசாரித்தாள். கேட்க ஆள் கிடைத்தால் செயலாளர் எதையும் மறைக்கத் தெரியாதவர். பழைய சங்கத்துக்காரர்களான வெல்டரும் கண்டக்டரும் டயர்க் கடைக்காரரும் பக்கத்தில் உட்காருவார்கள். சத்தம் உச்சிக்குப் போகும்போது அவர் எழுந்து முஷ்டியை உயர்த்துவார். கண்டன முழக்கம் பிறக்கும். பிறகு எண்ணும்போது அவர் கையைப் பார்த்து மூவரும் கையைத் தூக்க வேண்டும். அது நாற்பது வருஷப் பழக்கம், ஒத்திகை வேண்டியதில்லை.

"எங்க உட்காருவீங்க?"

பின்னால் கதவோரம் என்றார் அவர். போராளி எப்போதும் வெளியேறும் வழியைப் பார்த்துத்தான் உட்காருவான்.

"பின்னால நின்னு கையைத் தூக்கினா, ஃபேனை நிறுத்தச் சொல்றாருன்னு நினைப்பாங்க. முன்வரிசை, நடு நாற்காலி. வாசிக்கிற புள்ளைங்க கண்ணுக்கு நேரா. அங்க நின்னு தூக்கினாத்தான் மதிப்பு."

எதிரியின் கண்ணைப் பார்த்துப் போராட வேண்டும் என்று அவரே எத்தனையோ துண்டறிக்கையில் எழுதியிருக்கிறார். மனைவிக்கு இத்தனை நாள் கழித்தாவது அரசியல் பிடிபட்டதே என்று நெகிழ்ந்துபோனார். நாற்காலியைப் பிடித்துவைக்கும் பொறுப்பையும் அவளிடமே கொடுத்தார்.

கூட்டத்தன்று அரங்கம் நிறைந்திருந்தது. கூட்டக் குறிப்பு எழுத வேண்டியவள் என்பதால் மனைவியும் முன்வரிசையில், அவர் இடப்பக்கத்தில் இருந்தாள். வலப்பக்கம் மூன்று தோழர்கள். மேடையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். டிரம்ஸ் வாசிக்கிற பையனுக்கு அம்மை போட்டுவிட்டதால் இசை வாத்தியாரே டிரம்ஸுக்குப் பின்னால், தலை மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தார். முன்னால் நின்று நடத்த ஆள் இல்லை.

தலைமை இல்லாத கூட்டம் உருப்படாது என்று செயலாளர் வெல்டரின் காதில் சொன்னார்.

வாசிப்பு தொடங்கியது. முதலில் எல்லாரும் சேர்ந்து ஒரு சின்ன மெட்டு. சரி, தீர்மானத்தைப் படிக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார். பிறகு சாக்ஸஃபோன் பையன் ஒருவன் தனியாக எழுந்தான். மற்றவர்கள் வாத்தியங்களை வைத்துவிட்டுக் கொட்டாவி விடுவார்கள் என்று பார்த்தார். யாரும் வைக்கவில்லை. தங்கள் சத்தத்தைத் தணித்துக்கொண்டு, அவன் பேச்சுக்கு அடியில் பாய் விரிப்பதுபோல் வாசித்துக்கொண்டே இருந்தார்கள். தன்னைவிட உயரமான பெரிய பிடிலைக் கட்டிக்கொண்டு நின்ற ஒரு சிறுமி, நிதானமாக நடந்துபோகிறவரின் காலடிபோல் டும் டும்மென்று விரலால் சுண்டிக்கொண்டே வந்தாள். சாக்ஸஃபோன் முடித்த இடத்திலிருந்து, அதன் கடைசி வார்த்தையைக் கையில் எடுத்துக்கொண்டு பியானோ பேச ஆரம்பித்தது.

செயலாளர் நாற்காலியில் நிமிர்ந்தார்.

அவர் பார்த்த கூட்டங்களுக்குக் கணக்கே இல்லை. ஒருவர் பேசும்போது மற்றவர் அடுத்து தாம் பேசப்போவதைத்தான் யோசித்துக்கொண்டிருப்பார். மைக்கைப் பிடித்தவன் விட மாட்டான், பிடிக்காதவன் பேசவிட மாட்டான். இங்கே யாரும் யாரையும் உட்காரச் சொல்லவில்லை. ஒரு தலையசைப்பு, பேச்சு கை மாறியது. எல்லாருக்கும் முறை வந்தது. பேசாமல் இருப்பவர்களும் சும்மா இருக்கவில்லை. இப்படி ஒரு சங்கம் நடத்தத்தானே அவர் தொண்டை கிழியக் கத்தினார்? கல்யாண மண்டபத்தில், பணிமனை வாசலில், லாரி மேல் நின்று கத்தியும் கிடைக்காத ஒன்று, பள்ளிக்கூட மேடையில் பல் விழுந்து முளைத்த பிள்ளைகளிடம் நடந்துகொண்டிருந்தது.

அப்புறம் அவர் மகள் எழுந்தாள்.

ட்ரம்பெட்டை உதட்டில் வைத்தாள். கேட்டால் 'ம்' சொல்கிற அந்தப் பெண், எடுத்த எடுப்பிலேயே அரங்கத்தின் கடைசி நாற்காலிவரை பேசினாள். கேள்வி கேட்டாள், தானே பதில் சொன்னாள், பாதியில் சிரித்தாள், கோபித்தாள். நடுவில் ஒரு இடத்தில் சுரம் வழுக்கியது. காது கேட்காதவனுக்கும் தெரிகிற தப்பு. யார் எழுந்து கத்தப்போகிறார்கள் என்று செயலாளர் பின்னால் திரும்பிப் பார்த்தார். ஒரு வார்த்தை வழுக்கியதற்காக அவரையே ஒரு மாநாட்டில் எட்டுப் பேர் எழுந்து கிழித்திருக்கிறார்கள், அதில் நான்கு பேர் அவர் வளர்த்த பிள்ளைகள். ஆனால் பியானோவில் இருந்தவன் அந்தத் தப்பான சுரத்தையே எடுத்துத் தானும் வாசித்தான். சாக்ஸஃபோன் அதையே திருப்பிச் சொன்னது. மூன்றாவது முறை கேட்டபோது அது தப்பாகவே இல்லை. அங்கே அதுதான் வந்திருக்க வேண்டும்போல் இருந்தது. மகள் அந்தச் சுரத்தின் மேல் ஏறி நின்று இன்னும் உயரத்துக்குப் போனாள்.

கண்டக்டர் முழங்கையால் இடித்தார். "செயலாளரே, உச்சி வந்தாச்சு."

எல்லா வாத்தியமும் ஒன்றுசேர்ந்து மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. செயலாளர் எழுந்தார். அவரை யார் எழுப்பினார்கள் என்று அவருக்கே தெரியாது. முஷ்டி தானாக உயர்ந்தது. கண்டனமா ஆதரவா என்று அந்தக் கைக்கே தெரியாது. மனசு நிறைந்தால் மேலே போவது ஒன்றைத்தான் அது கற்றிருந்தது.

முஷ்டி உயர்ந்த அந்த நொடியில், ஒரே வெட்டு. அத்தனை வாத்தியமும் ஒன்றாக நின்றது.

பன்னிரண்டு ஜோடிக் கண்கள் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தன. நாற்பது வருஷமாக அந்த முஷ்டியை உயர்த்தி ஒரு மோட்டாரை நிறுத்தியிருப்பாரா, ஒரு ஆலைச் சங்கை நிறுத்தியிருப்பாரா? இன்று உயர்த்தினார், உலகம் நின்றது. முழக்கம் நினைவுக்கே வரவில்லை. கையை இறக்க வேண்டும் என்பதே மறந்துபோயிற்று.

மனைவி நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல், அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"அவங்க வழக்கத்துல முஷ்டியைக் காட்டினா 'எல்லாரும் சேர்ந்து முடிங்க'ன்னு அர்த்தம். வாத்தியார் டிரம்ஸ்ல மாட்டிக்கிட்டாரு, முன்னால நின்னு காட்ட ஆள் இல்லாம தவிச்சாரு. எங்க வீட்டுக்காரர் சரியா உச்சியில காட்டுவாருன்னு நான்தான் சொன்னேன்."

அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் தலைமை ஆசிரியை மைக்கில் ஆரம்பித்துவிட்டார். "இசை வகுப்பு தொடரணும்னு சொல்றவங்க கையைத் தூக்குங்க."

அரங்கத்தில் ஏற்கெனவே ஒரு கை மேலேதான் இருந்தது. அதைப் பார்த்து, நாற்பது வருஷப் பழக்கம் தவறாமல், வெல்டரின் கை போயிற்று. கண்டக்டர் கை, டயர்க் கடைக்காரர் கை. முதலில் யார் தூக்குவது என்று தயங்கிக்கொண்டிருந்த அரங்கம், நால்வரைப் பார்த்ததும் முன்னாலிருந்து பின்னால்வரை கை தூக்கியது. மேடையில் மகள் ட்ரம்பெட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். இனி அந்தக் கையை இறக்குகிற தைரியம் எந்தப் போராளிக்கும் வராது.

முதலில் கை தூக்கியவரைத்தான் முன்மொழிந்தவர் என்று எழுத வேண்டும், அவர் பெயர் என்ன என்று தலைமை ஆசிரியை கேட்டார். செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். பட்டத்தோடு, பழைய பொறுப்புகளோடு, எந்த வரிசையில் சொல்வது என்று அவர் யோசிப்பதற்குள் மனைவி எழுதி முடித்துவிட்டாள்.

"எல்லாருக்கும் தெரியற மாதிரியே போட்டிருக்கேன் டீச்சர்," என்று நோட்டை நீட்டினாள்.

தலைமை ஆசிரியை அத்தனை பேர் சாட்சியாக உரக்கப் படித்தார்:

"முன்மொழிந்தவர், ட்ரம்பெட் பாப்பாவின் அப்பா."