குரைப்பு அலுவலர் மருது

ஒரு காட்டில், செல்போன் கோபுரத்துக்கும் குளத்துக்கும் நடுவில், மாசிலாமணி என்றொரு கரடி நாய்ப் பயிற்சி நிலையம் நடத்திவந்தார். கரடிக்கும் நாய்ப் பயிற்சிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக் கூடாது. தேனெடுக்கப் போய் மரத்திலிருந்து விழுந்து, இடுப்புப் பிடித்துக்கொண்டு ஒரு மாதம் படுத்திருந்தார். படுத்த படுக்கையில் செல்போனில் பார்த்ததெல்லாம் நாய் வீடியோ. எழுந்து நடந்த அன்று நிபுணராகியிருந்தார்.

வாசலில் பலகை வைத்தார்: ‘குரைத்தல், கடித்தல், செருப்பு மெல்லுதல் – பத்தே நாளில் நிறுத்தப்படும்.’

அதுவரை அவர் நிறுத்தியது ஒரே ஒரு நாயின் குரைப்பை. அதற்கு வயது பதினாறு, வாயில் பல் கிடையாது, தொண்டையும் போய்விட்டது. அது தானாக நின்ற குரைப்பு என்று மாசிலாமணிக்கு உள்ளூரத் தெரியும். ஆனால் அதை அவர் வெளியே சொன்னதில்லை. தனக்குத் தானேகூட வாரத்துக்கு ஒரு முறைதான் சொல்லிக்கொள்வார்.

ஒரு நாள் காலையில் செல்லத்தாயி என்கிற எருமை தன் நாய் மருதுவை இழுத்துக்கொண்டு வந்து நின்றாள். அவள் கையில் குடியிருப்போர் நலச்சங்கத்தின் நோட்டீஸ் இருந்தது.

“அண்ணாச்சி, இவன் விடிஞ்சதுல இருந்து பொழுது அடையிற வரைக்கும் குரைக்கான். பத்து நாளைக்குள்ள வாய அடைக்கலன்னா ஆத்துக்கு அக்கரையில கொண்டு விட்ருவாங்களாம். அங்க சிறுத்தை நடமாட்டம் உண்டு. எனக்குன்னு இருக்கது இவன் ஒருத்தன்தான்.”

நோட்டீஸில் கையெழுத்துப் போட்டிருந்தவர் சங்கச் செயலாளர் ஆந்தையார். அவர் தூங்குவது பகலில். சங்கம் இயங்குவதும் பகலில்தான்.

“விட்டுட்டுப் போ தாயி. பத்து நாள்ல பூனை மாதிரி ஆக்கித் தாரேன்” என்றார் மாசிலாமணி. பூனைகளைப் பற்றி அவர் வீடியோ பார்த்ததில்லை.

முதல் பாடம், கண்டுகொள்ளாமல் இருப்பது. நாய் குரைத்தால் முதுகைக் காட்டி உட்கார வேண்டும். கவனிக்க ஆளில்லை என்று தெரிந்ததும் அது சலித்து நிறுத்திவிடும் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். மருது குரைத்தான். மாசிலாமணி முதுகைக் காட்டினார். இன்னும் பலமாகக் குரைத்தான். மாசிலாமணி கண்ணையும் மூடிக்கொண்டார். அரை மணி கழித்துத் திரும்பிப் பார்த்தால், அவருடைய சாப்பாட்டுத் தூக்கு, குடை, காலில் கிடந்த செருப்பு எல்லாவற்றையும் குரங்குகள் கொண்டுபோயிருந்தன.

“அதத்தான சொன்னேன்” என்றான் மருது.

இரண்டாம் பாடத்தில் பொறை ரொட்டி வந்தது. குரைக்கும்போது “சும்மா இரு!” என்று சொல்ல வேண்டும். நிறுத்தினால் உடனே ஒரு பொறை. நான்கே நாளில் பாடம் அற்புதமாகப் பிடித்துக்கொண்டது. “சும்மா இரு!” என்றதும் மருதுவின் வாய் பூட்டுப் போட்டதுபோல் மூடிக்கொள்ளும். மாசிலாமணி பூரித்துப்போய் மனைவி பேச்சியம்மாளை அழைத்துக் காட்டினார்.

பேச்சியம்மாள் காய் நறுக்கிக்கொண்டே ஒரு மணி நேரம் பார்த்தாள். மருது குரைப்பான், இவர் ஓடிவந்து பொறை கொடுப்பார். தின்று முடித்ததும் மறுபடி குரைப்பான், மறுபடி ஓடிவருவார். ஒரு தடவை அவன் குரைக்கக்கூட இல்லை. தொண்டையை மட்டும் செருமினான். இவர் கை தானாகப் பைக்குள் போயிற்று.

“நல்லாத்தான் பழக்கியிருக்கு” என்றாள் பேச்சியம்மாள்.

“பாத்தியா! நாலே நாள்.”

“நான் நாயைச் சொன்னேன். அது உங்கள நல்லாப் பழக்கியிருக்குன்னு சொன்னேன்.”

மாசிலாமணி அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. புளியமரத்தடியில் போய் உட்கார்ந்தார். மருதுவும் வந்து பக்கத்தில் படுத்தான். வேறு வித்தை எதுவும் மிச்சமில்லாததால் மாசிலாமணி வீடியோவில் இல்லாத ஒன்றைச் செய்தார். நாயிடமே கேட்டார்.

“ஏலே, உனக்குத்தான் பேச வருதே. பிறகு எதுக்குக் குரைக்க?”

மருது நிமிர்ந்து பார்த்தான். “பேசினா யாரு அண்ணாச்சி கேக்கா?”

பிறகு சொன்னான். செல்லத்தாயியின் தொழுவத்துக்கு மேலே குளத்துக்கரையில் மடையை ஒட்டி ஒரு விரிசல் விழுந்திருக்கிறது. சங்க அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்று, டோக்கன் வாங்கி, மூன்று முறை மனுக் கொடுத்தான். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று மூன்று முறை பதில் வந்தது. நாலாவது முறை அவன் மனு எழுதவில்லை. கரையில் நின்று குரைத்தான்.

“குரைச்சதும் ஊரே திரண்டு வந்துச்சு. ஆனா கரைய யாரும் பாக்கல. என்னையத்தான் பாத்தாங்க. என் மேல முந்நூறு மனு.”

மாசிலாமணி அவனோடு போய்ப் பார்த்தார். நாயும் காலை விட்டுக் காட்டியது. கரடியும் கையை விட்டுப் பார்த்தது. முழங்கை வரை உள்ளே போயிற்று. எடுத்தபோது கை ஈரமாக இருந்தது. மேற்கே மலையில் மேகம் கறுத்து இறங்கிக்கொண்டிருந்தது. கரைக்குக் கீழே செல்லத்தாயி வைக்கோலை உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கும் கீழே முயல்களின் வளைகள் வரிசையாக இருந்தன.

மாசிலாமணி நேரே சங்க அலுவலகத்துக்கு ஓடினார். மருதுவும் பின்னாலேயே ஓடினான்.

எழுத்தர் ஆமை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவரைப் பார்த்தது. “நீங்க குரைப்புப் பிரிவுல பதிஞ்ச ஆளு. கரை விஷயம் கரைப் பிரிவுல சொல்லணும்.”

“கரைப் பிரிவு எங்க இருக்கு?”

“இனிமேத்தான் திறக்கணும்.”

“ஐயா, கரை உடையப் போகுது. தயவுசெய்து…” என்றார் மாசிலாமணி. அவர் குரல் எப்போதுமே மென்மையானது. குரலை உயர்த்தாமல் பேசுவது எப்படி என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த குரல்.

“சத்தம் போடாதீங்க. செயலாளர் தூங்குறார்” என்றது ஆமை.

வெளியே முதல் துளிகள் தகரக் கூரையில் விழுந்தன. மாசிலாமணி வாசலில் நின்ற மருதுவைப் பார்த்தார். நாலு நாள் பயிற்சி. வாயை மூடிக்கொண்டு பொறைக்காக அவர் பையைப் பார்த்தபடி நின்றான்.

மாசிலாமணி வாயைத் திறந்தார். முதலில் இருமல் போல் ஒன்று வந்தது. இரண்டாவது ஏப்பம் போல் இருந்தது. மூன்றாவதுதான் குரைப்பு. கரடியின் நெஞ்சுக்கூட்டிலிருந்து கிளம்பிய குரைப்பு என்பதால் மேஜை மேலிருந்த முத்திரைகள் உருண்டன. உத்தரத்தில் தூங்கிய ஆந்தையார் தலைகீழாக மைப்புட்டியின் மேல் விழுந்தார். “வள்!” என்று மறுபடியும் போட்டார் மாசிலாமணி. அவருக்கே அது சுகமாக இருந்தது. இத்தனை நாளாக ஒரு நாயிடமிருந்து எதைப் பறிக்கப் பார்த்தோம் என்று அப்போதுதான் தெரிந்தது.

“பிடிங்க அந்தக் கரடிய!” என்று அலறினார் ஆந்தையார்.

அலுவலகமே துரத்தியது. புகார் கொடுக்க வந்தவர்கள் கையில் மனுக்கட்டுகளோடு துரத்தினார்கள். முயல்களும் மான்களும் சேர்ந்துகொண்டன. மாசிலாமணி குரைத்துக்கொண்டே மழையில் ஓடினார், வேறெங்குமில்லை, நேரே குளத்துக்கரைக்கு. அவரைப் பிடித்தபோது எல்லாருடைய காலடியிலும் சேற்றுத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது.

பிறகு யாரும் கரடியைப் பற்றிப் பேசவில்லை. மண் அள்ளினார்கள், கல் உருட்டினார்கள், போதவில்லை. செல்லத்தாயி ஓடிவந்து தன் உடம்பையே ஓட்டையில் சாய்த்து நின்றாள். கடைசியில் மருது மேல் கொடுத்த முந்நூறு மனுக்களையும் அலுவலகத்திலிருந்து அள்ளிவந்து, கையில் புதிதாக இருந்தவற்றையும் சேர்த்துக் களிமண்ணோடு பிசைந்து அடைத்தார்கள். காகிதம் ஊறி உப்பிப் பிடித்துக்கொண்டது. கரை நின்றது.

மறுநாள் சங்கக் கூட்டம். கரையைக் காத்ததற்காக ஆந்தையாருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் அதற்குள்ளேயே தூங்கிப்போனார். குரைப்பினால் பயனுண்டு என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டார்கள். பயனுள்ள எதையும் கண்டவர் கையில் விடக் கூடாது என்பதால், மருதுவைக் குரைப்பு அலுவலராக நியமித்தார்கள். தனி அறை, சுழல் நாற்காலி, பெயர் பொறித்த பலகை, தொண்டைக்கு மிளகுப் பால்.

அன்றோடு மருது குரைப்பதை நிறுத்தினான்.

காலை பத்துக்கு வருவான், ஐந்துக்குப் போவான். குரைக்க வேண்டிய விவரத்தை மூன்று நகலில் எழுதிக் கொடுத்தால், தகுதி இருக்கிறதா என்று பார்த்து மேலே அனுப்புவான்.

அடுத்த மழைக்கு மடைக்கு அந்தப் பக்கம் புதிதாக ஒரு கசிவு கண்டது. மாசிலாமணி அலுவலகத்துக்குப் போனார்.

“மருது, கரை…”

“டோக்கன் எடுத்தியளா அண்ணாச்சி?”

“ஏலே, நான்தாம்ல.”

“நீங்கதான்னு தெரியுது. முன்ன மாதிரி நீங்களா குரைச்சிராதிய. அனுமதியில்லாம குரைக்கது இப்ப குத்தம்.” நாற்காலி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

மாசிலாமணி திரும்பி வந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனார். அங்கே செல்லத்தாயி ஏற்கெனவே களிமண் மிதித்துக்கொண்டிருந்தாள். இருவரும் சேர்ந்து அடைத்தார்கள். பாதியில் அவள் நிமிர்ந்தாள்.

“வீட்லயும் மூச்சு விட மாட்டேங்கான் அண்ணாச்சி. கதவத் தட்டினாக்கூட எட்டிப் பாக்க மாட்டேங்கான். அஞ்சு மணிக்கு மேல ஆபீஸ் விஷயம் பேசக் கூடாதாம். எப்படிக் குரைச்சவன்! இது உங்க பயிற்சிதானா?”

மாசிலாமணி இல்லையென்று சொல்லத்தான் வாயெடுத்தார். பத்து நாளில் ஒரு நாயைத் திருத்திய பெயர் இந்த ஜென்மத்தில் இனிமேல் எங்கே கிடைக்கப்போகிறது என்று தோன்றியது.

“ஆமா தாயி” என்றார், தலை குனிந்து சேற்றை அள்ளியபடி. “என் பயிற்சிதான்.”

நீதி: குரைக்கிற நாயைத் திருத்தப் பொறை போதாது, நாற்காலி போட வேண்டும்.