முதல் டேப்புக்கு மூண்ட பெரும்போர்

வாழ்க இசைப்பிரியா! சுரங்க நகரின் பதினாறாம் வட்டத்துக் குவார்ட்டர்ஸில் தோன்றி, நிலக்கரித் தூசும் படியாத புகழ் பூண்டு, ஆண்டுக்கொருமுறை அறுந்து ஆண்டுக்கொருமுறை முடியப்படும் கான்ட்ராக்ட் எனும் ஒற்றைக் கயிற்றின்மேல் அஞ்சாது நடந்து, சிதறிய மென்பொருள்களை ஒரே சாளரத்தின் கீழ்க் கூட்டியாண்ட கூடுகாவலி அவள்.

அவள் பணிபுரிந்த சிறு நிறுவனம், சுரங்கத்துக்கு ஆளனுப்பும் ஒரு கான்ட்ராக்டர் அலுவலகத்துக்காகக் கணினிச் செயலி ஒன்றை வடித்துக்கொண்டிருந்தது. ஷிப்ட் போடும் பகுதியைத் தனகோட்டி செய்தான். விடுப்புப் பகுதியை ஆனந்த்ராஜ் செய்தான். தனித்தனியே வார்த்த அவ்விரண்டையும் ஏந்தி ஒன்றாய்க் காட்டும் வெளிக்கூட்டை இசைப்பிரியா கட்டினாள். ஒருவன் செய்வதை மற்றவன் அறியவே வேண்டாம். என்னே அக்கட்டமைப்பின் மாண்பு! ஆயினும் இருவரும் அறியத் துடித்தது ஒன்றுண்டு: செயலியைத் திறந்ததும் கண்ணில்படும் முதல் டேப் யாருடையது?

வெளிக்கூடு படிக்கும் பட்டியல் கோப்பில் முன்னே நிற்பதே முதலில் ஏறும் என்றறிந்த ஆனந்த்ராஜ், காலையில் வந்ததும், சுரங்கத்துச் சக்கர எந்திரம் மேல்மண்ணை வாரியெறிவதுபோல் ஷிப்ட்டை வாரிக் கீழே தள்ளி விடுப்பை மேலேற்றினான். டீ குடித்துத் திரும்பிய தனகோட்டி, சினவேங்கையெனச் சீறி, அதை மீண்டும் புரட்டினான். மூன்று நாள் இப்போர் நிகழ, இருமுறை செயலி திறக்கவே மறுத்தது. கான்ட்ராக்டர் அலுவலகத்திலிருந்து வெள்ளிக்கிழமை வருவோர் பார்த்துச் செயலியை ஏற்றால்தான் இசைப்பிரியாவின் கான்ட்ராக்ட் நீளும். அவள் எழுந்து ஆணையிட்டாள்.

“இனிமே டேப்லாம் அகர வரிசைதான். அந்தக் கோப்ப ரெண்டு பேரும் தொடக்கூடாது.”

அறம் நிலைத்தது, அரைமணி நேரம். அகர வரிசையில் விடுப்பே முந்தக் கண்ட தனகோட்டி தன் பகுதிக்கு ‘ஆள் ஷிப்ட்’ எனப் பெயரிட, ஆனந்த்ராஜின் பகுதி ‘அவசர விடுப்பு’ எனப் பெயர்சூடி முன்னேறியது. தனகோட்டியினது ‘அகில ஷிப்ட்’ ஆகி அதை முந்தியது. அப்போது ஆனந்த்ராஜ், நெடுங்கணக்கில் ஔகாரத்துக்கும் பின்னே ஒதுங்கி நிற்கும் ஆய்தத்தைக் கணினி அகரத்துக்கும் முன்னே வைத்திருக்கும் மறைபொருளைக் கண்டுணர்ந்து, ‘ஃவிடுப்பு’ எனும் பேரம்பை எய்தான். தனகோட்டி ‘ஃஃஷிப்ட்’ என்று எய்து வீழ்த்தினான். இசைப்பிரியா தலையில் கைவைத்து அமர்ந்தாள்.

வெள்ளியன்று வந்தார் மாரியம்மாள். கான்ட்ராக்டர் அலுவலகத்தில் இருபதாண்டுகளாக ஷிப்ட் பட்டியலைக் கையால் எழுதிவரும் எழுத்தர், அவர் தலையசைத்தாலன்றி அங்கு எதுவும் அசையாது. திரையைக் குனிந்து நோக்கினார்.

“இது இன்னாங்க, முன்னால பொட்டு பொட்டா வச்சிகினு?”

வீரர் இருவரும் சுவரை நோக்கினர். எந்த டேப் முதலில் வேண்டும் என்று இசைப்பிரியா பணிவோடு வினவினாள்.

“எது முன்ன இருந்தா இன்னாங்க. லிஸ்ட்ட எடுத்து சுவத்துல ஒட்டணும். பிரிண்ட் எங்க குடுக்கறது?”

பிரிண்ட் மற்றவன் பகுதியில் வரும் என ஆனந்த்ராஜ் எண்ணியிருந்தான். அவ்வாறே தனகோட்டியும் எண்ணியிருந்தான். அஃது அவ்விருவர் பாடு என்று, அனைத்தையும் ஒன்றுகூட்டிய கூடுகாவலியும் எண்ணியிருந்தாள். மூவரும் அன்றுதான் முதன்முறையாக ஒருவரையொருவர் முகம்நோக்கினர்.

செயலியை ஏற்கும் கையெழுத்தைத் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு மாரியம்மாள் பஸ் பிடிக்கப் போனார்.