முதல் நாக்கும் தாழ்ப்பாள் இல்லாத கதவும்

ஒரு காட்டில் பூதலிங்கம் என்றொரு காட்டெருமை இருந்தார். "இருந்தது" என்றும் சொல்லலாம்தான். அவர் காதில் விழுந்துவிட்டால் யார் பதில் சொல்வது? அவ்வளவு கோபக்காரர். எதிரே வருகிற மான் தும்மினால், "யாரைப் பார்த்துத் தும்முதே?" என்று கேட்பார். காற்றடித்து மூங்கில் உரசினால், அந்த மூங்கிலை முட்டிச் சாய்த்துவிட்டுத்தான் மறுவேலை.

காட்டின் நடுவில் உப்புப்பாறை இருந்தது. வெயில் ஏற ஏற அதன் இடுக்கில் வெள்ளைவெளேரென்று உப்புப் பூக்கும். மான், மிளா என்கிற கடமான், பன்றி, முயல் எல்லாம் வந்து நக்கிவிட்டுப் போகும். அதற்கு ஒரு முறை உண்டு. முதல் நாக்கு பூதலிங்கத்தின் நாக்கு. அது படாமல் இன்னொரு நாக்கு அங்கே படக் கூடாது. அவர் தாத்தாவுக்கு இருந்த உரிமை, அப்பாவுக்கு வந்து, இவருக்கு வந்தது. அப்பா ஒருநாள் முதல் நாக்கு நக்கித் திரும்பும்போதே தொப்பென்று விழுந்து கண்ணை மூடினார். "நக்கின வாயோட போனாரு, கொடுத்துவச்ச சாவு" என்று காடே மெச்சியது. எதனால் விழுந்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அப்படியிருக்க, டாக்டர் மரகதம் என்கிற கரடியம்மா வெளிக்காட்டில் படித்துவிட்டு வந்து ஆலமரத்தடியில் இலவச முகாம் போட்டாள். தேக்கிலை டோக்கன். ஆளுக்கொரு இலை. ஆடு ஒன்று தன் டோக்கனைத் தின்றுவிட்டு, "நான் வந்தது நெசம், இலைதான் இல்லை" என்று அழுதது. காலில் ஒரு பட்டையைக் கட்டி, ரப்பர் உருண்டையைப் புஸ் புஸ்ஸென்று அமுக்கினால் முள் ஏறுகிற மெஷின் ஒன்றை டாக்டர் வைத்திருந்தாள். பூதலிங்கத்துக்குக் கட்டியதும் முள் விறுவிறுவென்று ஏறி, மேல் மூலையில் முட்டிக்கொண்டு நடுங்கியது.

"உமக்கு பிரஷர் ரொம்ப ஜாஸ்தி. உப்பைக் குறையும். வீட்டுல வேற யாருக்கும் இருக்கான்னு கேட்டு..." என்று டாக்டர் சொல்லி முடிக்கவில்லை. வரிசையில் பின்னால் நின்ற ஆவுடை என்கிற காட்டுப்பன்றி தலையை நீட்டியது.

"பின்னே ஏறாம என்ன செய்யும் மாமா? இந்தக் கோவம் கோவப்பட்டா முள்ளு மெஷினை உடைச்சிட்டுல்லா வெளிய வரும்!"

"அதானே" என்றது மிளா. "அதானே" என்றது ஆடு. அப்புறம் டாக்டர் பேச்சு யார் காதிலும் ஏறவில்லை. பிரஷர் என்றால் கோபம், கோபம் என்றால் பிரஷர். இதற்கு டாக்டர் வேறு வந்து சொல்ல வேண்டுமா?

பூதலிங்கம் பயந்துபோனார். ஒரே ஒரு உறுமல் உறுமினால்கூட உடம்பு வெடித்துவிடும் என்று நம்பினார். நேராகத் தேவாங்கு நடத்தும் அமைதி வகுப்பில் போய்ச் சேர்ந்தார். தேவாங்கு வாத்தியார் பகல் முழுக்கத் தூங்குவார். அவர் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் பாடம். பூதலிங்கம் கண்ணிமைக்காமல் படித்தார்.

படிப்பு ஏறியது. குரங்குகள் முதுகில் ஏறிப் பல்லாங்குழி ஆடின. மைனா கொம்பில் கூடு கட்ட அளவெடுத்தது. பூதலிங்கம் மூச்சை இழுத்தார், விட்டார், "சந்தோஷம்" என்றார்.

ஒருநாள் உப்புப்பாறையில் அவர் நாக்கை நீட்டுகிற நேரத்தில் ஆவுடை இடையில் புகுந்தது.

"மாமா, கோவப்படப்படாது. உடம்புக்கு ஆகாது. மூச்சை இழுங்க."

பூதலிங்கம் இழுத்தார். அவர் விடுவதற்குள் ஆவுடை சளப்பென்று முதல் நாக்கை நக்கிவிட்டது. மறுநாளும் அதே கதை. அதற்கடுத்த நாள் ஆவுடை அவருக்கு முன்னாலேயே வந்து காத்திருந்தது. மனவருத்தத்தில் பூதலிங்கம் இரண்டாம் நாக்கை ரொம்ப நேரம் நக்கினார். ஆறுதலுக்கு வேறு என்ன இருக்கிறது?

கடைசியில் காட்டுக் கூட்டம் கூடிற்று. "முதல் நாக்குன்னா ஒரு மிடுக்கு வேண்டாமா? மாமா இப்போ சாந்த சொரூபி. வர்ற வெள்ளிக்கிழமை ஆவுடைக்கு முறையா மாத்திக் குடுத்திருவோம்" என்று மிளா பேச, எல்லோரும் தலையாட்டினார்கள். பூதலிங்கமும் ஆட்டினார். ஆட்டாவிட்டால் கோபம் என்று ஆகிவிடுமே.

அன்றைக்கு அவர் புல் தின்னவில்லை. தலை கிறுகிறுவென்று சுற்றியது. தங்கச்சி வடிவு வந்தாள். வடிவு ஒரு வாயில்லாப் பூச்சி. முள் குத்தினால் முள்ளிடம் மன்னிப்புக் கேட்கிற ரகம்.

"அண்ணாச்சி, ஒருக்கா டாக்டரம்மாகிட்ட போயிட்டு வந்திருவோமே" என்றாள், அதையும் பயந்து பயந்து.

ஆலமரத்தடியில் கூட்டமோ கூட்டம். அண்ணனும் தங்கையும் நெருக்கியடித்து நின்றார்கள். காட்டெருமைக்கு எல்லாக் காலும் ஒன்றுபோல் இருக்கும், வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி. டாக்டர் குனிந்து கண்ணில் பட்ட காலில் பட்டையைக் கட்டி அமுக்கினாள். முள் ஏறி மூலையில் முட்டியது.

"என்ன வே பூதலிங்கம், வகுப்புக்குப் போறேருன்னு கேள்விப்பட்டேன். போன தடவை மாதிரியே இப்பவும் ஜாஸ்தியா இருக்கே?"

"இருக்கட்டும் தாயி. என் காலுல எப்பக் கட்டப் போறிய?"

டாக்டர் நிமிர்ந்து பார்த்தாள். பட்டை கட்டியிருந்தது வடிவின் காலில்.

வடிவு காலைப் பின்னுக்கு இழுத்தாள். "தப்பா நெனைக்காதீங்க, காலை நான் இங்க வச்சிருக்கப்படாது."

"நீ என்னைக்காவது கோவப்பட்டிருக்கியா தாயி?"

"ஐயையோ! எனக்கு எப்படிப் படுறதுன்னே தெரியாதே."

டாக்டர் சத்தமாகச் சிரித்தாள். இருவரையும் உட்காரவைத்து, ரத்தம் எடுத்து, சிறுநீர் எடுத்து, அப்பா விழுந்த கதை, அவருக்கு முன்னால் தாத்தாவும் அதேபோல் விழுந்த கதை எல்லாம் கேட்டாள். பிறகு சொன்னாள்:

"சிறுநீரகத்துக்குள்ள நூல் நூலா குழாய் ஓடுது. ரத்தத்துல இருந்து வடிஞ்ச தண்ணியும் உப்பும் அதுவழியா வெளியே போகும். குழாய்ச் சுவரு பூரா கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டிக் கதவு. போற உப்புல உடம்புக்கு வேண்டியதை அந்தக் கதவு திரும்ப உள்ள வாங்கிக்கிடும். போதும்னா சாத்திக்கிடும். உங்க குடும்பத்துக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. எந்நேரமும் ஆன்னு திறந்து கெடக்கு."

"உப்புதானே, வந்துட்டுப் போகுது" என்றார் பூதலிங்கம்.

"அது தனியா வருமா? தண்ணியையும் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வரும். உள்ள ஆள் சேரச் சேர ரத்தக்குழாய் விம்மும். அதுதான் உம்ம பிரஷர்."

"தாழ்ப்பாளைக் கழட்டினது எவன்?" பூதலிங்கத்தின் கழுத்து மயிர் சிலிர்த்தது. உடனே பயந்து மூச்சை இழுத்தார்.

"யாரும் கழட்டலை வே. கருவுலேயே அச்சு அப்படி விழுந்திருக்கு. மரபணு. தாத்தா அப்பாவுக்குக் குடுத்தாரு, அப்பா உங்க ரெண்டு பேருக்கும் குடுத்தாரு. இந்த மாத்திரை போய்க் கதவுல ஆப்பு மாதிரி அடைச்சுக்கிடும். தினமும் போடணும். இனிமே பாறைப் பக்கம் நாக்கை நீட்டப்படாது."

"அப்போ... கோவம்?"

"கோவப்பட்டா அந்த நேரத்துக்குக் கொஞ்சம் ஏறும், பிறகு இறங்கிரும். இந்த நோவு கோவத்தால வந்ததில்லை."

முன்பாதி பூதலிங்கத்தின் காதில் விழவே இல்லை. "கோவத்தால வந்ததில்லை" என்பது மட்டும் மணிமணியாக விழுந்தது. அவர் எழுந்து உடம்பை ஒரு உதறு உதறினார். பல்லாங்குழியும் குரங்குகளும் நாலு திசைக்குப் பறந்தன.

வெள்ளிக்கிழமை ஆவுடை கொன்றைப்பூ மாலையோடு பாறைக்கு வந்தது. காடே கூடி நின்றது. ஆவுடை நாக்கை நீட்டியது. அப்போது பின்னாலிருந்து ஒரு உறுமல் கேட்டது பாருங்கள், பாறையில் இருந்த உப்பில் பாதி தானாக உதிர்ந்தது.

"எவம்லே அது, எங்க அப்பன் பாறையில?"

ஆவுடை மாலையை விட்டுவிட்டுப் புதருக்குள் பாய்ந்தது. அங்கிருந்து, "மாமா, மூச்சை இழுங்க" என்று கூவியது.

"உன் மூச்சை நீ பிடிலே!" இதைச் சொன்னது வடிவு. சொன்ன பிறகு அவளே சுற்றிப் பார்த்தாள், யார் பேசியது என்று. அப்புறம் ருசித்துப் பார்க்கிற மாதிரி இன்னொரு தரம் சொன்னாள்.

"வந்துட்டாருய்யா பழைய ஆளு!" என்று காடு கொண்டாடியது. எல்லோரும் வரிசையில் நின்றார்கள். பூதலிங்கம் முதலில் போய்ப் பாறையை மறித்து நின்றார். நாக்கை நீட்டினார். டாக்டர் ஞாபகம் வந்தது. நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டார்.

காடு காத்திருந்தது. வெயில் ஏறியது.

"சித்தப்பா, சும்மா பேருக்கு ஒரு நக்கு நக்கிருங்களேன்" என்றது முயல்.

"டாக்டரம்மா நக்கப்படாதுன்னுட்டாங்க."

"அப்ப விட்டுக் குடுங்க மாமா" என்றது புதர்.

"அது எப்படிலே விடுறது? எங்க அப்பா எனக்கு ரெண்டைத்தான் குடுத்துட்டுப் போனாரு. ஒண்ணு தாழ்ப்பாள் இல்லாத கதவு. இன்னொண்ணு இது. கதவுக்கு ஆப்பு வச்சாச்சு. இதையும் விட்டுட்டா அவருக்கு நான் என்ன பிள்ளை?"

முறை முறைதானே. முதல் நாக்கு படாமல் அடுத்த நாக்கு எப்படிப் படும்? முணுமுணுத்துக்கொண்டே எல்லோரும் இலை தழை தின்னப் போய்விட்டார்கள். பூதலிங்கம் தினமும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வாயை இறுக மூடிக்கொண்டு, வரிசையில் முதல் ஆளாக வந்து நின்றார். அவ்வளவு சந்தோஷமாக அவர் உப்பு நக்கிய காலத்தில்கூட நின்றதில்லை.

அடுத்த முகாமில் பட்டையைக் கட்டிப் பார்த்த டாக்டருக்கு ஒரே ஆச்சரியம். மிளாவுக்குப் பிரஷர் இறங்கியிருந்தது, ஆட்டுக்கு இறங்கியிருந்தது, ஆவுடைக்கு நன்றாகவே இறங்கியிருந்தது. "எல்லாம் எங்க அமைதி வகுப்பாலதான்" என்று தேவாங்கு வாத்தியார் போர்டு வைத்துவிட்டுத் தூங்கப் போனார்.

நீதி: உனக்கு ஆகாத பொருளாக இருந்தாலும் உன் முறையை மட்டும் விட்டுக்கொடுக்காதே, வழிமறித்து நின்றால், பின்னால் நிற்கும் நாலு பேருக்காவது உடம்பு தேறும்.